'எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்' எங்கே சறுக்கியது?

பழைய ரீல்:
இந்த 2007 படத்தில் கதையே இல்லை என்று குறைப்படுவோர், இதன் முதல் பாகமான 1998-ன் 'எலிசபெத்' படத்தின் கடைசி இருபது நிமிடத்தை மறுபடி பார்க்கவும். ஓட்டை அங்கேதான். தலைமுடியை வெட்டி, முகத்தில் வெள்ளை பூசி, அரசி சிலையாக மாறுவதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு அரசியின் காதலர் ராபர்ட் டட்லியைச் சதியில் சேர்த்து ஒதுக்கினார்கள். வில்லியம் செசிலுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். நிஜத்தில் செசில் 1598-ல் இறக்கும்வரை அரசியின் முதல் ஆலோசகர். 1588-ல் ஸ்பானியப் படையெடுப்பை எதிர்க்கத் திரண்ட டில்பரி முகாமின் தளபதியே டட்லிதான். அர்மடா (அப்போது இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பானியக் கப்பற்படை) கதைக்கு இன்றியமையாத இருவரையும் முதல் பாகமே கழித்துக்கட்டிவிட்டது. அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் வால்டர் ராலேயைக் காதலன், மாலுமி, போர்வீரன் என்று எல்லாமுமாக ஆக்கினார்கள்.

கடலோடி:
ராலே அர்மடா சண்டையில் கப்பற்படைத் தளபதி இல்லை. தலைமை ஹோவர்ட் பிரபு. அவருக்குக் கீழே டிரேக், ஹாக்கின்ஸ், ஃபுரோபிஷர். ராலே தென்மேற்குக் கரையில் நிலப்படை திரட்டிக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய பிழை தீக்கப்பல் காட்சி. பிரான்சின் கலே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஸ்பானியர்கள் மேல், காற்றும் நீரோட்டமும் அந்தப் பக்கம் போகும் நள்ளிரவில், எட்டுக் கப்பல்களைக் கொளுத்தி அனுப்பினார்கள். அவற்றால் ஒரு ஸ்பானியக் கப்பல்கூட எரியவில்லை! பயத்தில் நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டு ஓடியதில் அணி கலைந்தது. மறுநாள் கிராவ்லைன்ஸ் கடற்சண்டையில் அடி வாங்கியது. நங்கூரம் போன கப்பல்கள் பிறகு அயர்லாந்துக் கரையில், புயலில் நிற்க வழியில்லாமல் பாறையில் மோதின. கயிறு வெட்டியதன் விலை பல வாரம் கழித்துத் தெரிகிறது. திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? படத்தில் கிடைப்பது வாணவேடிக்கை.

டில்பரியில் அரசி படைவீரர்களுக்கு ஆற்றிய உரையும் படத்தில் சண்டைக்கு முன்னால் வருகிறது. பழைய நாட்காட்டிப்படி கிராவ்லைன்ஸ் ஜூலை 29, உரை ஆகஸ்ட் 9.

மைக்கூடு:
வயதுக் கணக்கும் உதைக்கிறது. படம் 1585-ல் தொடங்குகிறது. அரசிக்கு அப்போது 52. பெண் கேட்டு வரும் ஆஸ்திரிய சார்லஸுக்கு 1571-லேயே கல்யாணம் ஆகிவிட்டது. 1566-ல் பிறந்த ஸ்பானிய இளவரசி இசபெல்லா படத்தில் சின்னக் குழந்தை. அரசியின் தோழி பெஸ் திராக்மார்ட்டன் ராலேயை ரகசியமாக மணந்தது 1591-ல். அதை அர்மடாவுக்கு முன்னால் இழுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுவது, அரசியைக் கொன்று ஸ்காட்லாந்து அரசி மேரியை அரியணையேற்றத் திட்டமிட்ட பாபிங்டன் சதிதான். சிறையிலிருந்த மேரியின் கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் ஒளிந்து போயின. அரசியின் உளவுத் தலைவர் வால்சிங்கமின் ஆள் ஃபிலிப்ஸ் சங்கேதத்தை உடைத்து, பாபிங்டனுக்குப் போன கடிதத்தில் கூட்டாளிகள் யார் யார் என்று கேட்கும் வரிகளைப் போலியாகச் சேர்த்தார். வால்சிங்கமாக நடிக்க ஜெஃப்ரி ரஷ் கையில் இருக்கும்போது இதை ஊறுகாயாக வைத்துவிட்டு, தேவாலயத்தில் துப்பாக்கி நீட்டும் கற்பனைக் காட்சி எதற்கு?

பழைய ரீல்:
@மைக்கூடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசியாக நடித்த கேட் பிளாஞ்செட்டைக் குறை சொல்ல முடியாது. ஒரே பாத்திரத்துக்கு இரண்டாம் முறையும் ஆஸ்கர் பரிந்துரை. விருது கிடைத்தது அலெக்சாண்ட்ரா பைர்னின் ஆடைகளுக்கு. படத்தின் நிலைமைக்கு அதுவே சாட்சி.

சுரவரிசை:
இசை ஏ.ஆர். ரஹ்மானும் கிரெய்க் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து செய்தது. தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. படத்தில் சாதாரண வசனத்துக்கும் கோரஸ் எழும்பிவிடுவதால், அர்மடா வரும்போது உயர்த்த இடமே மிஞ்சவில்லை.