போர்வையில் தைக்கும் எழுத்து: 'பதிப்பு' வேண்டாம், 'ஒட்டெழுத்து' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துக் கையால் தைக்கும் மெத்தைப்போர்வையில் பெயரோ ஊரோ எழுதுவதை 'எழுத்துப்பதிப்பு' என்று சொல்லலாம் என இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பதிப்பு என்றதும் அச்சும் மையும்தான் நினைவுக்கு வருகின்றன, இங்கே இருப்பது ஊசியும் துணியும். அதோடு, போர்வையில் எழுத்து ஏறுவது ஒரே வழியில் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போர்த்திவிட்டால், தைக்கக் கற்றுக்கொள்பவருக்கு அந்தச் சொல்லால் எந்தப் பயனும் இல்லை.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் 'அப்ளிக்' என்று கேட்டேன், புரியவில்லை. பழைய கைலியில் ஒரு 'ட' வெட்டி இன்னொரு துணிமேல் வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துக் காட்டினேன். "ஒட்டுப் போடறதுதானே இது" என்றார். எனக்கு அதுவே போதும். ஒட்டுப் போட்டு வரும் எழுத்து ஒட்டெழுத்து. கையெழுத்து, அச்செழுத்து, செங்கம் நடுகற்களில் இருக்கும் வட்டெழுத்து என்று நம் காதில் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது, அதில் இதுவும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒட்டு என்றால் பசையல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டுமாங்கன்றில் என்ன பசை இருக்கிறது? ஒரு செடியின் மேல் இன்னொன்றை வைத்துக் கட்டி உயிர் பிடிக்க வைக்கிறோம், அதுவும் ஒட்டுதான். பசை வைத்தும் செய்யலாம், அது வேறு முறை: இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் உருகிப் பிடிக்கும் பசைத்தாளை எழுத்துத் துணியின் உள்பக்கம் ஒட்டி, வெட்டி, போர்வைமேல் வைத்துத் தேய்த்து, பிறகு ஓரம் பிரியாமல் காஜா போலச் சுற்றித் தைப்பார்கள். இதில் எழுத்தைத் தாளில் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும், ஏனென்றால் வரைவது துணியின் உள்பக்கத்தில். தங்கை மகளுக்குப் 'பட்டு' என்று செல்லப்பெயர் தைத்தபோது நேராகவே வரைந்துவிட்டேன். ப இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் முதலில் தெரியவில்லை. ட-வைத் திருப்பி வைத்ததும்தான் கோடு தப்பான பக்கம் நிற்பது தெரிந்தது, அரை மீட்டர் துணி வீண். அப்படி மாற்றி வரைவதைக் 'கண்ணாடி எழுத்து' என்று சொல்லித்தந்தால் ஒருவரும் மறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, துணியே எழுத்தாக அமைவது இன்னொரு முறை. மேலே எதுவும் ஏறுவதில்லை, ஆகவே ஒட்டு என்று சொல்லக் கூடாது. 'பொருத்தெழுத்து' என்கிறேன். ஆங்கில எழுத்துகளில் நேர்கோடு நிறைய இருப்பதால் அவர்களுக்கு இது சுலபம், நமக்கோ ட, ப தாண்டினால் வளைவுதான். தமிழுக்கு ஏற்றது ஜாக்கெட் கழுத்துக்குத் தைக்கும் கிராஸ் பீஸ். துணியைக் குறுக்காக, 45 டிகிரியில் வெட்டிய பட்டி சுருக்கம் விழாமல் வளையும், ழ-வின் சுழியைக்கூட ஒரே பட்டியில் சுற்றி இறக்கிவிடலாம். அதற்குப் 'பட்டியெழுத்து' என்று தனிப்பெயர் கொடுத்தால் தவறில்லை. பட்டி இல்லாமல், ழ-வை முழுசாக வெட்டி ஒட்டெழுத்தாக ஓரம் மடித்துத் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்மூலையில் கத்தரி நுனியால் ஒரு கீறல் போடாமல் துணி மடங்காது, கீறல் கொஞ்சம் ஆழமாகப் போனால் நூல் நூலாகப் பிரிந்து வந்துவிடும். மடிப்புக்கு அரைக்கால் அங்குலமாவது விட வேண்டும், அதனால் கோடு மெல்லியதாக இருந்தால் இந்த முறைக்கு ஆகாது. மெய்யெழுத்தின் புள்ளியையும் இப்படி மடித்துத் தைக்க நினைக்காதீர்கள். அதற்கு நூலில் ஒரு முடிச்சுத்தையல் போதும்.

நூலாலேயே எழுதுவது இழையெழுத்து, அதில் யாருக்கும் தகராறு இருக்காது. எழுத்தைத் தைக்காமல் விட்டு, சுற்றியுள்ள இடம் முழுவதும் நெருக்கி நெருக்கித் தையல் ஓட்டினால் உள்ளே பஞ்சு அமுங்காத எழுத்து மட்டும் மேலே எழும்பி நிற்கும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் தூண்களில் சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுத்து உருவத்தை மேலெழுப்பியிருப்பார்களே, அதே வேலைதான், துணியில். புடைப்புச் சிற்பம் என்கிறோம், இதைப் 'புடைப்பெழுத்து' எனலாம். தையல் ஓட்டுவதால் இதை 'ஓட்டெழுத்து' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது வேண்டவே வேண்டாம். ஒட்டும் ஓட்டும் ஒரு குறில் நெடிலில் மாறிப்போகும், தட்டச்சில் ஒரு விசை தவறினால் செய்முறையே தலைகீழ்.

ஒட்டெழுத்தில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு. ஒற்றெழுத்து என்று இலக்கணத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. இங்கே நாங்கள் பேசும்போது அதை 'ஒத்து' என்பதால் குழப்பம் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர்கள் ற்ற-வை ஒலிக்கும் விதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்குமே? வகுப்பில் வாயால் சொல்லித்தரும்போது இடறுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இடறும் என்றால் 'ஒட்டுத்தையல் எழுத்து' என்று முழுதாகவே வைத்துக்கொள்ளலாம், எனக்குச் சம்மதம். 'ஒட்டு' மட்டும் போகக் கூடாது.

அப்புறம், ழ, ண போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மூடிக் கிடக்கும் வெற்றிடத்துக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது, அதைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. 'கண்' என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் ஊர்த் தையல்காரர்கள் வேறு ஏதாவது சொல்கிறார்களா, கேட்டு எழுதுங்கள்.