புதுப்பிப்பு: கப்பல் விருந்துக்கு அப்பா வேட்டியிலேயே போனார்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது, அப்பாவுக்குக் கோட்டு தைக்கணுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கும்பகோணம் திரும்பியாச்சு, சொல்லிவிடுகிறேன்.

கோட்டு தேவைப்படவில்லை. நாலு ராத்திரியில் ஒன்றுதான் ‘ஃபார்மல் நைட்’, அதாவது விருந்து உடையில் சாப்பிட வரவேண்டிய இரவு. அன்றைக்குப் பாரம்பரிய உடையும் செல்லும் என்று முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொண்டோம். அப்பா மயில்கண் கரை வேட்டி, முழுக்கைச் சட்டை. அம்மா திருபுவனம் பட்டு. பரிமாற வந்த பெண் முந்தானை ஜரிகையை உற்றுப் பார்த்து, கையால் நெய்ததா என்று கேட்டார். அம்மா முகத்தைப் பார்த்திருக்கணும்!

மற்ற நாள் பேன்ட், காலர் சட்டை, சுடிதார் போதும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் பஃபேயோடு சரி, பெரிய உணவுக்கூடத்தில் விடவில்லை. அப்புறம், ஏசி குளிர் எலும்பைத் துளைக்கிறது, சால்வை கட்டாயம். வேட்டிக்கு பெல்ட்டும்.