ஹோனௌனௌ கோயில்: மறுபடியும் கட்டியதைத் தொன்மை எனலாமா?

செழியன்:
ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில், ஹோனௌனௌ தேசிய வரலாற்றுப் பூங்காவில் நிற்கும், ஒருகாலத்தில் தலைவர்களின் எலும்புகளை வைத்திருந்த ஹாலே ஓ கெயாவே கோயிலைத் தொன்மைச் சின்னம் என்று வேணி எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. 1829-இல் அந்த எலும்புகள் அங்கிருந்து அகற்றப்பட்டன. பழைய கட்டடமும் அழிந்தது. இன்று நாம் காண்பது 1960-களில் பூங்காத் துறை எழுப்பியது. அங்கே உண்மையில் பழையது, சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய, சுமார் 17 அடி கனமுள்ள மதில்தான்.

வேணி:
மரத்தாலும் இலையாலும் ஆன கட்டடத்தைக் கல்லுக்குரிய அளவுகோலால் அளப்பது முறையன்று. கூரை மட்கும், புதிதாக வேய்வார்கள். பழைய ஹவாயிலும் வழக்கம் அதுவே. 1823-இல் அங்கு சென்ற மதபோதகர் வில்லியம் எல்லிஸ், கோயில் 24 அடிக்கு 16 அடி என்றும், உறுதியான மரத்தால் கட்டி, 'டி' என்னும் செடியின் இலையால் வேய்ந்தது என்றும் எழுதி வைத்தார். இடுக்கு வழியே எட்டிப் பார்த்து எலும்புக் கட்டுகளையும் கண்டார். அக்குறிப்பு இருந்ததால்தான் மறுகட்டுமானம் வெறும் கற்பனையாகவில்லை.

இன்னொன்று: ஹவாய் மரபில் புதுவீடு கட்டி முடித்ததும் வாசலுக்கு மேல் நறுக்காமல் விட்டிருந்த கூரைப்புல்லை, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அறுப்பதுபோல, மந்திரம் சொல்லி வெட்டுவார்கள். இந்த மரபைக் காப்பாற்றுவது கட்டுகிற கைகளே அன்றி மதில் அன்று.

செழியன்:
சடங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோயிலுக்கு 'மனா' என்னும் புனித ஆற்றலைத் தந்தவை உள்ளிருந்த எலும்புகளே. அவை இல்லாதபோது, அளவு சரியாக இருந்தாலும் அது மாதிரிக் கட்டடம்தான். வருவோரிடம் அப்படிச் சொல்லிவிடுவதே நேர்மை.

கதிரவன்:
செழியன், நீங்கள் போற்றும் மதிலும் 1902-இல் செப்பனிடப்பட்டதே. ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹா இதே தீவில் 1790-91-இல் எழுப்பிய புஉகோஹோலா கோயிலின் கற்கள் 2006 நிலநடுக்கத்தில் சரிந்தபோதும், மரபுவழிக் கல்லடுக்கு முறையிலேயே மீண்டும் அடுக்கினார்கள். கல்லுக்குத் தரும் சலுகையை மரத்துக்கு ஏன் மறுக்கிறீர்கள்?

செழியன்:
சரிந்த கல்லைத் திரும்ப அடுக்கினாலும் அது அதே கல். ஹாலே ஓ கெயாவேயில் பழைய மரம் ஒன்றுகூட இல்லையே!

வேணி:
மரம் பழையதா என்பதிலேயே நிற்கிறீர்கள். ஹவாயின் மாவி கவுண்டி என்னும் மாவட்டத்தின் கட்டட விதிகள் பூர்விக ஹவாய்க் கட்டடக்கலைக்குத் தனி இடம் தந்து, 'ஹாலே' எனப்படும் மரபுவழி வீடுகளைச் சட்டப்படி கட்ட வழிவிட்டிருக்கின்றன. அப்படி எழும் கட்டடம் எதிலும் பழைய மரம் இராது. அவற்றையும் மாதிரி என்றே தள்ளிவிடுவீர்களா?