பழைய டெவலப்பர், ஹைப்போ வச்சு வீட்டுலயே பிலிம் கழுவுன அனுபவம் உண்டா?

பாளைக்காரன்
மூடிப்போன ஸ்டுடியோ சாமானை எடைக்குப் போடுதாங்கன்னு ஓடிப்போயி டி-76ங்கிற டெவலப்பர் (பிலிம்ல படத்தை வரவைக்கிற மருந்து) டின்னும், வந்த படத்தை அழியாம நிறுத்துற ஹைப்போ ஒரு பையும் வாங்கியாந்தேன். ஹைப்போ கல்கண்டு மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. டெவலப்பர் பவுடர்தான் மேலாக பழுப்பேறிக் கெடந்தது. பிலிம் நுனியை வெட்டி வெளிச்சத்துலயே முக்கிப் பாத்தேன். கறுக்கத்தான் செஞ்சுது, ரொம்ப நிதானமா. சரின்னு ஆச்சியை எடுத்த ரோலை டேங்குல சுத்திட்டேன். கழுவி எடுத்தா பூரா மூட்டம். முகம் எங்க, சேலை எங்கன்னு தெரியலை. காதுல பாம்படம் ரெண்டும் மட்டும் நெகட்டிவ்ல கன்னங்கரேல்னு தொங்குது. ஆச்சிட்ட காட்டுனா, "என் காதை மட்டும் எடுத்திருக்கியேல"ன்னாங்க. டைமைக் கூட்டியிருந்தா முகமும் வந்திருக்குமோ?

அம்பை வெங்காரம்
டைமைக் கூட்டுனா மூட்டமும் சேந்து கூடும், தம்பி. நுனி கறுத்தா மருந்துக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம், பலம் எவ்வளவுன்னு அது சொல்லாது. எனக்கு வாய்ச்ச டின்னுல ரோல் பூரா வெறும் பிளாஸ்டிக்கா வந்துச்சு. ஓரத்துல கம்பெனிக்காரன் அடிச்சு அனுப்புற, டெவலப்பர்ல கழுவுனாத்தான் தெரியுற நம்பர்கூட இல்லை. நம்பர் இருந்து படம் இல்லாட்டி கேமராவைச் சந்தேகப்படலாம். நம்பரே இல்லைன்னா மருந்து செத்தாச்சு.

பேசாம டி-76ஐ நீங்களே கலக்குங்க. 1927ல வந்த பார்முலா, ரகசியம் ஒண்ணும் கிடையாது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. போராக்ஸுக்கு அலைய வேண்டாம், நாட்டு மருந்துக் கடையில வெங்காரம்னு கேட்டா குடுப்பாங்க. சல்பைட் கேட்டா சல்பேட்டைக் கட்டிக் குடுத்துருவாங்க, லேபிளைப் பாத்து வாங்கணும். முக்கால் லிட்டர் தண்ணியை 50 டிகிரிக்குச் சுட வச்சு முதல்ல மெட்டாலைப் போடுங்க. சல்பைட்டைக் கொட்டிட்டா அப்புறம் மெட்டால் லேசுல கரையாது. எல்லாம் கரைஞ்ச பெறகு மிச்சத் தண்ணியை ஊத்தி ஒரு லிட்டராக்கணும். கிளவுஸ் முக்கியம், மெட்டால் சிலருக்குத் தோல்ல அரிப்பு குடுக்கும்.

தென்காசிக்காரி
அண்ணாச்சி, அவங்க பாம்படத்தைச் சொன்னா நீங்க கெமிஸ்ட்ரி கிளாஸ் எடுக்கீங்களே! எங்க அப்பா ஸ்டுடியோ வச்சிருந்தாங்க. அவங்களுக்குப் பெறகு பரண்ல ரேபிட் பிக்சர் (ஹைப்போ வேலையை வேகமா செய்ற மருந்து) கேன் ஒண்ணு கெடந்தது. மூடியைத் திறந்ததும் கந்தக நெடி மூக்கைப் பிடுங்குச்சு, அடியில கந்தகம் வெளுப்பா படிஞ்சு கெடக்கு. அடுப்படியில இருந்து அம்மா, "யாரு, உங்க அப்பா சட்டையவா எடுத்த?"ன்னு கேட்டாங்க. பிலிமுக்குப் புது பிக்சர்தான் வாங்குனேன். ஆனா அந்தக் கேனைக் கொட்ட யாருக்கும் கை வரலை.

பேட்டை ஆளு
மருந்து மருந்துன்னே பேசுதீங்க, தண்ணியைப் பத்தி ஒருத்தரும் பேசலை. டப்பாவுல போட்டிருக்கிற டைம் 20 டிகிரிக்கு. நம்ம ஊர்ல சித்திரை மாசம் மாடி டேங்க் தண்ணியில கை வைக்க முடியுமா? நானும் மச்சானும் ஐஸ் வச்சு டெவலப்பரைக் குளுத்தி, எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். கடைசியில அலசுறதுக்கு மச்சான் குழாயை அப்படியே திறந்துட்டாப்ல. படத்துல குறுக்குத்துறை கோயிலுக்கு மேல வானம் பூரா சுருக்கம் சுருக்கமா ஆயிட்டு. பிலிம் மேல இருக்க ஜெலட்டின் குளுமையில இருந்து திடீர்னு சூட்டுக்குப் போனா அப்படித்தான் ஆகும். மச்சான் என்னடான்னா அதை பிரேம் போட்டு வச்சிருக்காப்ல, ஆர்ட்டாம்!

அம்பை வெங்காரம்
பேட்டைக்காரரே, 20 டிகிரி வரைக்கும் குளுத்த வேண்டாம், 24 டிகிரிக்குமேல போகாம பாத்து டைமைக் கொறச்சுக்கிட்டாப் போதும். அலசுற தண்ணியையும் முந்துன நாளே பக்கெட்டுல பிடிச்சு வீட்டுக்குள்ள வைங்க. தென்காசித் தங்கச்சி, கிளாஸ் எடுத்தது தப்புன்னு நான் நினைக்கலை. தெரியாம கலக்குனா காசுதான் வீண்.

தென்காசிக்காரி
சரி, கிளாஸ் எடுக்கதுன்னா இதையும் சேத்து எடுங்க. கழுவி முடிச்ச பிக்சரை எங்க ஊத்துதீங்க? அதுல வெள்ளி இருக்கு. அப்பா காலத்துல அதை வாங்கவே கடைக்கு ஆள் வரும்.

அம்பை வெங்காரம்
வாய்க்கால்ல ஊத்துறதில்லைம்மா. பக்கெட்டுல இரும்பு நாரைப் போட்டு வச்சா வெள்ளி அதுல படியும். இன்னும் பிலிம் கழுவுற எக்ஸ்ரே லேப் இருந்தா கேட்டுப் பாருங்க, பழைய ஹைப்போ எடுக்கிற ஆள் நம்பர் அவங்ககிட்ட இருக்கும்.