தரங்கம்பாடியில் ஒரு நாள் தங்கலாமா, அரை நாள் போதுமா?

கும்பகோணம் ரவி:
பொங்கல் லீவில் குடும்பத்தோடு தரங்கம்பாடி போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, பையன் ஆறாவது படிக்கிறான். "கோட்டையைப் பார்த்துட்டு மதியமே காரைக்கால் போயிடலாம் சார்" என்கிறார் வேன்காரர். இரவு தங்கும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

பொறையாறு வாசுகி:
தங்குங்கள் தம்பி. வேன்கள் பத்து மணிக்கு வந்து, கோட்டை முன்னால் போட்டோ எடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடும். அந்த வெயிலில் ஊர் வெறிச்சென்றுதான் தெரியும்.

விடியற்காலை எழுந்து, 1792 என்று எழுதியிருக்கும் வெள்ளை வாசலுக்குள் நுழையுங்கள். ராஜா வீதி நேராகக் கடலுக்கே கொண்டுபோய் விடும். வழியில் சீயோன் கோயில் (1701), புதிய எருசலேம் ஆலயம் (1718). ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்க்கின் கல்லறை இரண்டாவதில் இருக்கிறது. அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் இந்த ஊரில்தான் அச்சானது என்று பையனிடம் சொல்லுங்கள்.

அப்புறம் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே அகலமான மணல்வெளி இருந்ததாம், அங்கேதான் விளையாடுவார்களாம், என் பாட்டி சொல்வார். இப்போது அலை கருங்கல்லில் மோதித் தெறிக்கும் தண்ணீர் நம் முகத்தில் படுகிறது. முன்பக்கம் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. அங்கே நின்றால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

ஒன்று மட்டும்: பையனைக் கடலில் இறங்க விடாதீர்கள். 2004 சுனாமியில் எங்கள் மீனவர் தெருவில் எத்தனையோ பேர் போனார்கள். சாதாரண நாளிலும் அடியில் இழுப்பு அதிகம்.

நாகை செல்வம்:
துறைமுக நகரம் என்கிறார்கள். துறைமுகத்தையே காணோமே?

பொறையாறு வாசுகி:
கப்பல் வந்து அணையும் துறை இங்கே இருந்ததில்லை அண்ணா. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகில் ஏற்றி இறக்குவார்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1845-இல் வங்காளத்தில் அவர்களிடமிருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861-இல் உங்கள் நாகைக்கு ரயில் வந்ததும் வியாபாரம் மொத்தமும் அங்கே திரும்பிவிட்டது. எங்களுக்கு மாயவரத்திலிருந்து ரயில் வர 1926 ஆயிற்று. அப்பா அதில்தான் மாயவரம் போய்ப் படித்தார். எண்பதுகளில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கலெக்டர் இருந்த பங்களாவில் இப்போது ஹோட்டல் நடக்கிறது.

கும்பகோணம் ரவி:
நன்றி அக்கா. ஒரு இரவு தங்குகிறோம். அம்மாவால் நடக்க முடியுமா?

பொறையாறு வாசுகி:
முடியும். வாசலிலிருந்து கடல் வரை மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம்தான், மேடு பள்ளம் இல்லை. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் அம்மா உட்காரக்கூட இடம் கிடைக்காது. மறுநாள் காலை வாருங்கள். படகு கரையேறும் நேரத்தில் மணலிலேயே மீன் ஏலம் போடுவார்கள், பையனுக்குப் பிடிக்கும்.