ஹாக்கி வீடியோ திறக்கவில்லை, மீட்க வழி உண்டா?

2023 ஆகஸ்ட் 6, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா மலேசியாவை 5-0 என வென்ற ஆட்டம். 15-வது நிமிடத்தில் அரியலூர் கார்த்தி செல்வம் அடித்த முதல் கோலை கேலரியிலிருந்து போனில் எடுத்தேன். நம்ம ஊர்ப் பையன், நம்ம மைதானத்தில்! அந்தக் கத்தலோடு அப்படியே வேண்டும். டிவி பதிவில் அது கிடைக்காது.

கோல் விழுந்த சில நொடிகளில் பேட்டரி தீர்ந்து போன் அணைந்தது. எம்பி4 கோப்பு, சுமார் 2 ஜிபி, மெமரி கார்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் எதிலும் திறக்கவில்லை. ரெக்கார்டிங் முடியும்போது எழுதப்படும் 'மூவ்' (moov) பகுதி, அதாவது வீடியோவின் பொருளடக்கம் மாதிரியான பகுதி, கோப்பில் இல்லை என்று எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருள் காட்டுகிறது.

விஎல்சியில் போட்டுப் பார்த்தாயிற்று. கார்டை முழுசாக நகலெடுத்து, நகலில்தான் வேலை செய்கிறேன். அப்புறம் அதே போனில் எடுத்த வேறொரு நல்ல வீடியோவை மாதிரியாகக் கொடுத்து, உடைந்த வீடியோவைச் சரிசெய்யும் அன்ட்ரங்க் (untrunc) மென்பொருளை ஓட்டினேன். சத்தம் தெளிவாக வந்துவிட்டது, படம் மட்டும் முழுக்கச் சாம்பல் நிறம். மாதிரி வீடியோ 1080 ரெசல்யூஷனில் எடுத்தது. ஆட்டத்தை 4கே-யில் எடுத்தேனா என்று நினைவில்லை. அந்த போன் இப்போது என்னிடம் இல்லை.

போன் இல்லாமல், பாதியில் நின்ற இந்தக் கோப்பிலிருந்தே ரெசல்யூஷனைக் கண்டுபிடித்து படத்தை மீட்பது எப்படி?