உதவி: ஒரே சேசி நம்பரில் இரண்டு பிரபாம் பிடி21. எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்காம்வளைவு:
வணக்கம். பிரபாம் கம்பெனியின் பழைய ரேஸ் கார், பிடி21 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் சொல்லும் வரலாறு: 1967ல் இங்கிலாந்தில் ஃபார்முலா 3 ஓடியது, 1969ல் அமெரிக்கா போனது, அங்கே லோட்டஸ் ட்வின்கேம் எஞ்சின் ஏற்றி ஃபார்முலா பி என்ற அமெரிக்க ரேஸ் பிரிவில் ஓட்டினார்கள், 90களில் இங்கிலாந்து திரும்பி ரெஸ்டோர் ஆனது. டேஷில் சேசி பிளேட் (சேசி நம்பர் பொறித்த தகடு) இருக்கிறது, எஃப்ஐஏ ஹெச்டிபி (உலக மோட்டார் பந்தய அமைப்பு பழைய ரேஸ் கார்களுக்குத் தரும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்) இருக்கிறது, ஒரு ஃபைல் நிறைய காகிதமும் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் அமெரிக்காவில் இன்னொருவர் அதே நம்பரில் ஒரு பிடி21 வைத்திருக்கிறார். இரண்டு பேரும் 'என்னுடையதுதான் ஒரிஜினல்' என்கிறார்கள். காரை நேரில் பார்க்க இன்னொரு முறை அனுமதி உண்டு. எதைப் பார்க்க, எதை அளக்க?

ஸ்பேனர்16:
பிளேட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நாலு ரிவெட் போட்ட சின்னத் தகடு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அந்தக் காலத்து டீம்களே பிளேட்டைக் கார் விட்டுக் கார் மாற்றியதும் உண்டு: எல்லை தாண்டத் தேவையான சுங்க அனுமதிப் பத்திரத்தை (கார்னே) ஒரு சேசி நம்பருக்கு எடுத்திருப்பார்கள், அந்தக் கார் நொறுங்கியிருக்கும், உடனே தகடு அடுத்த காருக்குப் போய்விடும்.

ஹெச்டிபியும் உதவாது. கார் அந்தக் கால விவரக்குறிப்புக்குப் பொருந்துகிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். இன்ன காரே இது என்று எஃப்ஐஏ எங்கும் சான்று தரவில்லை. விற்பவர்கள் அதை வரலாற்றுச் சான்று மாதிரி நீட்டுவது வழக்கம், ஏமாறாதீர்கள்.

ஃப்ரேமைப் பாருங்கள். பிரபாமின் ஸ்பேஸ் ஃப்ரேம்களை (குழாய்களை இணைத்துச் செய்த காரின் எலும்புக்கூடு) செய்தது ஆர்ச் மோட்டர்ஸ். அவர்கள் போட்ட ஏஎம் வரிசை எண் ஒன்று ஃப்ரேமில் இருக்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் புதைந்திருக்கும், விரலால் தடவித் தேடுங்கள். இது பிரபாம் கொடுத்த பிடி21 சேசி நம்பரிலிருந்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய வரலாறுகள் ஏராளம்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: டிஜிட்டல் வெர்னியர், அல்ட்ராசானிக் தடிமன் மீட்டர், நல்ல டார்ச், கண்ணாடி, அளவுகோல். குழாய்கள் எல்லாம் அங்குலக் கணக்கு. ஒரு அங்குலக் குழாய் 25.4 மி.மீ. குழாய்ச் சுவரின் தடிமன் 18 கேஜ் என்றால் 1.22 மி.மீ., 16 கேஜ் என்றால் 1.63. வெர்னியரில் சரியாக 25.0 வந்தால் அந்தக் குழாய் பிற்காலத்தது. பெயிண்டோடு அளக்காதீர்கள், பவுடர் கோட்டிங் மட்டுமே 0.2 மி.மீ. ஏமாற்றும். இணைப்புகளையும் பாருங்கள். அந்தக் கால பிரேசிங் (பித்தளை போன்ற உலோகத்தை உருக்கி ஒட்டுவது), மெழுகு வழிந்த மாதிரி பொன்னிறமாக, இரு பக்கமும் சாய்ந்து படிந்திருக்கும். மிக் வெல்டு (மின்சாரத்தில் கம்பி உருக்கிப் பற்றவைப்பது) என்றால் பின்னாளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கை வைத்தது குற்றமில்லை, ரேஸ் கார்தானே. எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கியர்பெட்டி:
எஞ்சின் நம்பர், ஹெவ்லண்ட் கியர்பாக்ஸின் சீரியல் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஒரே சீசனில் மூன்று எஞ்சின் மாறும்.

எஃப்3 வாழ்க்கை உண்மைதானா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. 67ல் அந்தக் காரில் பெரும்பாலும் காஸ்வர்த் எம்ஏஇ எஞ்சின் இருந்திருக்கும். ஃபோர்டு 105இ பிளாக், 80.96 × 48.41 மி.மீ., 997 சிசி. அதில் இன்டேக்கும் (காற்று உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) ஒரே பக்கம். ட்வின்கேம் 1558 சிசியில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம். அதனால் எஞ்சின் மாற்றும்போது எக்ஸாஸ்ட் தாங்கி, கேபிள், பைப் எல்லாம் இடம் மாறும். பழைய பிராக்கெட்டை அறுத்துத் தேய்த்த தழும்பு குழாயில் மிஞ்சும். எஞ்சின் பகுதிக் குழாய்களை டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துப் பிடித்துப் பாருங்கள், சின்ன மேடுகூட நிழல் விழுந்து தெரியும். பழைய பாடி கவர் இருந்தால் உள்பக்கம் திருப்பி, ஃபைபர் கிளாஸ் ஒட்டுப் போட்ட ஓட்டைகளைத் தேடுங்கள்.

காரின் அடித்தகட்டை ஃப்ரேமில் பொருத்திய ரிவெட் துளைகளையும் எண்ணுங்கள். தகடு மாற மாறப் புதுத் துளை விழும். நிறைய ஓடிய ஃப்ரேமில் இரண்டு மூன்று வரிசை இருக்கும், சில நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். ஒரே வரிசை, எல்லாம் வட்டம், எல்லாம் சுத்தம் என்றால் ஃப்ரேம் புதிது என்று சந்தேகப்படலாம்.

பழையதாள்:
காகிதம் பற்றி நான் சொல்கிறேன். ஃபைல் தடிமனாக இருப்பதால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தாளையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: அந்தக் காலத்திலேயே எழுதியது, பழைய உரிமையாளர் பின்னால் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தது, மற்றவர் சொன்னதைக் கேட்டு எழுதியது. பிறகு 1967 முதல் இன்றுவரை வருடத்துக்கு ஒரு வரி போட்டு, எந்த வரிக்கு எந்த வகைத் தாள் என்று நிரப்புங்கள். வெற்று வரிகள் தானாகத் தெரியும்.

சுற்றிச் சுற்றி வரும் சான்றைக் கவனியுங்கள். ஏலப் பட்டியல் விற்பவரின் கடிதத்தைப் பார்த்து எழுதும், பத்திரிகை ஏலப் பட்டியலைப் பார்த்து எழுதும், அடுத்த விற்பனையாளர் அந்தப் பத்திரிகையைச் சான்றாகக் காட்டுவார். மூன்று தாள், ஒரே வாய்.

ரேஸ் புரோகிராம் முன்கூட்டியே அச்சானது. அதில் பெயர் இருந்தால் பதிவு செய்தார் என்றுதான் அர்த்தம், ஓடினார் என்றல்ல. சேசி நம்பர் அதில் பெரும்பாலும் இருக்காது. ஆட்டோஸ்போர்ட், மோட்டரிங் நியூஸ் வார இதழ்களின் ரேஸ் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். கடைசிப் பக்க வரி விளம்பரங்களை விடாதீர்கள், கார் கைமாறிய மாதம் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். அமெரிக்கப் பக்கத்துக்கு காம்பெடிஷன் பிரஸ் அண்ட் ஆட்டோவீக் இதழைப் பாருங்கள். எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) கொடுத்த லாக்புக் இருந்தால் அது தங்கம்: ஒவ்வொரு ரேஸிலும் பரிசோதகர் கையெழுத்து, விபத்து நடந்தால் அதன் குறிப்பு.

நான்காம்வளைவு:
பார்த்துவிட்டு வந்தேன். பெயிண்ட் சுரண்ட அனுமதித்தார்.

ஏஎம் எண் இருக்கிறது, மேலே யாரும் தேய்த்த அடையாளம் இல்லை. முன்பாதிக் குழாய்கள் எல்லாம் 25.4, பிரேசிங். பின்பாதியில் கீழ் நீள்குழாய் இரண்டும் 25.0, மிக் வெல்டு. முன்பக்கம் இரண்டு வரிசை ரிவெட் துளை. எஞ்சின் பகுதியின் மேல் குழாயில் தேய்த்த தழும்பு இரண்டு.

காகிதம்: எஸ்சிசிஏ லாக்புக் 1972 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது. அதற்கு முன் ஒரே ஒரு தாள்தான், 1967 தேதியிட்ட உதிரிபாக பில், சேசி நம்பரோடு. மொத்தம் £85.50. மற்றதெல்லாம் 90களுக்குப் பிந்தைய கடிதங்கள்.

பழையதாள்:
£85.50 என்றா இருக்கிறது? பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரி 15. 67ல் அதே தொகையை £85 10s 0d என்று பவுண்டு, ஷில்லிங், பென்ஸாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆக அந்தத் தாள் 67ல் அடித்ததல்ல. யாராவது பழைய பில்லைப் பின்னால் நகல் தட்டச்சு செய்திருக்கலாம், மோசடி என்று உடனே சொல்ல மாட்டேன். ஆனால் சேசி நம்பருக்கு அதுதான் ஒரே சான்று என்றால் அது விழுந்துவிட்டது. தலைப்பில் முகவரி இருந்தால் அஞ்சல் குறியீட்டையும் பாருங்கள். பிரிட்டன் முழுக்க அது வந்து முடிந்தது 1974ல்தான்.

ஸ்பேனர்16:
அளவுகளிலிருந்து தெரிவது: முன்பாதி அந்தக் காலத்து பிரபாம் ஃப்ரேமாக இருக்க வாய்ப்பு அதிகம், எம்ஏஇ-யோ வேறெதுவோ முன்பு இருந்து மாறியிருக்கிறது, பின்னால் அடிபட்டுச் சரிசெய்திருக்கிறார்கள். 1972 முதல் வரலாறு உறுதி. 67 முதல் 72 வரை இது *இன்ன* பிடி21 என்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு கார் எப்படி வந்திருக்கும்? சாதாரணமாக நடப்பது இது: விபத்தில் ஃப்ரேம் வளைகிறது, டீம் புது ஃப்ரேம் வாங்கிப் பாகங்களையும் பிளேட்டையும் அதில் மாற்றி ஓட்டுகிறது. வளைந்த ஃப்ரேம் ஷெட்டின் மூலையில் கிடக்கிறது. வருடங்கள் கழித்து, விலை ஏறியதும், அதை ஒருவர் நிமிர்த்திப் புதுப் பாகம் போட்டு அதே நம்பரில் இறக்குகிறார். அமெரிக்கக்காரரிடம் அவர் காரின் ஏஎம் எண்ணைக் கேளுங்கள். பக்கத்து சேசி நம்பர்கள் உள்ள, வரலாறு தெளிவான பிடி21களின் ஏஎம் எண்களையும் திரட்டுங்கள். வெகுவாகத் தள்ளி நிற்பது எதுவோ அது மாற்று ஃப்ரேம் என்று ஊகிக்கலாம்.

கியர்பெட்டி:
மாற்று ஃப்ரேம் என்றால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் ஜெயித்த பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' வழக்கு 1990ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி, இது அந்தக் கார் இல்லை என்று வாங்கியவர் மறுத்தார். 1929ன் பாகங்கள் அதில் மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் இடைவிடாமல் தொடர்ந்து வந்த வரலாறு அதற்கு இருந்ததால் அந்தப் பெயர் அதற்கே உரியது என்று தீர்ப்பானது. ஓடிக்கொண்டே மாறிய கார் வேறு, குப்பையிலிருந்து எழுப்பிய கார் வேறு. உங்கள் விஷயத்தில் அந்தத் தொடர்ச்சிதான் ஐந்து வருடம் அறுந்து கிடக்கிறது.

நான்காம்வளைவு:
விற்பவர் கொடுத்த 67 புகைப்படம் ஒன்று இருக்கிறது. ஃப்ரேம் ஜிக்கில் (ஒரே அளவில் வார்க்க உதவும் பிடிச்சட்டத்தில்) செய்தது, எல்லாக் காரும் ஒன்றுபோலத்தானே? அதில் எதை ஒப்பிடுவது?

ஸ்பேனர்16:
ஜிக்கில் வந்ததை விடுங்கள், கையால் பொருத்தியதைப் பாருங்கள்: கண்ணாடித் தாங்கி, டேஷ் மீட்டர்களின் இடைவெளி, ரோல் ஹூப் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளைவு) தாங்கு குழாய் இறங்கும் இடம், விண்ட்ஸ்கிரீன் திருகுகள். இன்றைய காரை அதே கோணத்தில், அதே உயரத்தில் படம் எடுத்து வையுங்கள். படத்தின் பின்பக்க முத்திரையில் ஸ்டுடியோ பெயர் இருந்தால் அந்த நெகட்டிவ் தொகுப்பைக் கேளுங்கள், அதே ரேஸின் மற்றப் படங்கள் கிடைக்கலாம்.

அதுவரை பணம் கொடுக்காதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் 'பிடி21, ஆவணப்பட்ட வரலாறு 1972 முதல்' என்று எழுதி, விலையையும் அதற்கே பேசுங்கள். 67 எஃப்3 கார் என்று விற்பவர் அடம்பிடித்தால் அந்த வாக்கியத்தை அவரே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.